குவாண்டம் படிக்கலாமா? சித்தூர் – திருப்பதி சாலையில் ஒரு கணக்கு

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இந்த மாதிரி ஒரு போஸ்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீல வெளிச்சத்தில் ஒரு கம்ப்யூட்டர் படம். மேலே 'ஆறே வாரத்தில் குவாண்டம் இன்ஜினியர்'. கீழே பல ஆயிரங்களில் ஒரு கட்டணம். ஐ.டி.யில் நாலஞ்சு வருஷம் ஓடிய பிறகு 'அடுத்து என்ன?' என்று யோசிக்கும் நேரத்தில் இப்படி ஒன்று வந்தால், கை தானாக லிங்க் பக்கம் போகும்.

பணம் கட்டும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. குவாண்டம் இயற்பியலையும் குவாண்டம் தகவலியலையும் முறையாகப் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர், மூன்றாம், நான்காம் ஆண்டில் உண்மையில் என்ன படிக்கிறார்? அதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது? அது உங்களால் முடியுமா? முடிந்தாலும், உங்களுக்குத் தேவையா?

இதை விளக்க ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். சித்தூரிலிருந்து திருப்பதி, சுமார் 70 கிலோமீட்டர். வேலூரிலிருந்து திருமலைக்கு பஸ்ஸில் போனவர்களுக்குப் பழக்கமான வழி. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் பெரும்பகுதி வட ஆற்காட்டிலிருந்துதான் பிரிந்தது. சித்தூர் கடைத்தெருவில் இன்றும் தமிழ் காதில் விழும். இந்த 70 கிலோமீட்டருக்குள்ளேயே குவாண்டம் பாடத்தின் முக்கியமான மூன்று விஷயங்களைச் சொல்லிவிடலாம்.

ஏன் திடீரென்று இவ்வளவு பேச்சு?

மூன்று அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்ததுதான் காரணம்.

முதலாவது, தேசிய குவாண்டம் திட்டம். 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை ரூ.6,003.65 கோடி. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரையிலான கம்ப்யூட்டர்களை உருவாக்குவதும், 2,000 கி.மீ. தூரத்துக்கு செயற்கைக்கோள் வழியாகப் பாதுகாப்பான தகவல் தொடர்பை ஏற்படுத்துவதும் இதன் இலக்குகளில் அடக்கம். நான்கு மையங்களில் ஒன்றான குவாண்டம் தகவல் தொடர்பு மையம் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்திருக்கிறது.

இரண்டாவது, 2024 டிசம்பரில் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட பாடத்திட்டம். இன்ஜினியரிங் மாணவர்கள் தங்கள் முதன்மைப் பிரிவோடு குவாண்டம் தொழில்நுட்பத்தை 'மைனர்' ஆக எடுக்கலாம். குறைந்தது 18 கிரெடிட்.

மூன்றாவது, 2025 மே மாதம் ஆந்திர அரசு, ஐ.பி.எம்., டி.சி.எஸ். சேர்ந்து அறிவித்த அமராவதி குவாண்டம் வேலி. அங்கே 156 க்யூபிட் கொண்ட ஹெரான் சிப்புடன் ஐ.பி.எம். கம்ப்யூட்டர் நிறுவப்படும் என்பதுதான் தலைப்புச் செய்தி.

நம் சாலையின் திருப்பதி முனையில் படிப்புக்கான இடங்களும் இருக்கின்றன. 1954-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆந்திரப் பிரிவினைக்குப் பிறகு 2015-ல் வந்த ஐ.ஐ.டி. திருப்பதி, ஐஸர் திருப்பதி இரண்டும் காளஹஸ்தி போகும் வழியில் ஏர்ப்பேடு பக்கம். ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, ஐஸருக்கு ஐ.ஏ.டி. என்ற தனி நுழைவுத்தேர்வு.

சரி, உள்ளே போனால் என்ன சொல்லித்தருவார்கள்?

முதல் விஷயம்: அலை கூடும், அலை கழியும்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் காதங்கி என்று ஒரு ஊர். அங்கே விண்வெளித் துறையின் கீழ் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அதன் பெரிய ரேடாரில் 32 வரிசை, வரிசைக்கு 32 என மொத்தம் 1,024 ஆண்டெனாக்கள். வேலை செய்யும் அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ். வானத்தை நோக்கி அலையை அனுப்பி, மேலே காற்று எப்படி நகர்கிறது என்று படிக்கிறது.

வேறு திசையைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த 1,024 ஆண்டெனாக்களைத் திருப்ப மாட்டார்கள். ஒவ்வோர் ஆண்டெனாவிலிருந்தும் கிளம்பும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவிடுவார்கள். ஒரு திசையில் எல்லா அலைகளின் முகடும் சேர்ந்து வந்து பலமாகும். மற்ற திசைகளில் ஒன்றின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் மோதி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேண்டிய பக்கம் கூட்டல், வேண்டாத பக்கம் கழித்தல்.

குவாண்டம் கம்ப்யூட்டர் செய்வதும் இதே வேலைதான். அங்கே கூடுவதும் கழிவதும் ரேடியோ அலை இல்லை, 'வீச்சு' என்ற எண். ஒரு நிகழ்வு நடக்கும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க அந்த வீச்சின் அளவை வர்க்கப்படுத்த வேண்டும். சாதாரண நிகழ்தகவு எப்போதும் பூஜ்யத்துக்கு மேல்தான் இருக்கும். வீச்சு அப்படி இல்லை. மைனஸாகவும் இருக்கலாம், கலப்பு எண்ணாகவும் இருக்கலாம். இந்த மைனஸ்தான் மொத்த விஷயமும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பேப்பர், பேனா போதும்.

ஒரு காசை மேஜையில் தலை மேலே இருக்கும்படி வையுங்கள். சுண்டினால் தலை விழ பாதி வாய்ப்பு, பூ விழ பாதி. எடுத்து மறுபடி சுண்டினாலும் பாதிக்குப் பாதிதான். எத்தனை தடவை சுண்டினாலும் அதே கதைதான்.

இப்போது காசுக்குப் பதில் ஒரு க்யூபிட். ஆரம்பத்தில் அது 0. அதன் மேல் 'ஹடமார்ட்' என்ற செயலைச் செய்கிறோம். விதி இதுதான்: 0-வாக இருந்தால், 0-க்குப் போகும் வீச்சு 1/√2, 1-க்குப் போகும் வீச்சும் 1/√2. 1-ஆக இருந்தால், 0-க்குப் போகும் வீச்சு 1/√2, ஆனால் 1-லேயே இருக்கும் வீச்சு மைனஸ் 1/√2.

ஒரு தடவை செய்துவிட்டு அளந்தால் 0 வர பாதி வாய்ப்பு, 1 வர பாதி. காசு மாதிரியேதான் இருக்கிறது. அளக்காமல் இன்னொரு தடவை செய்தால்?

0-வில் முடிய இரண்டு வழிகள். 0 வழியாக வந்தால் வீச்சு 1/2. 1 வழியாக வந்தாலும் 1/2. கூட்டினால் 1.

1-ல் முடியவும் இரண்டு வழிகள். 0 வழியாக வந்தால் 1/2. 1 வழியாக வந்தால் மைனஸ் 1/2. கூட்டினால் பூஜ்யம்.

அதாவது, இரண்டு தடவை 'சுண்டிய' க்யூபிட் நூற்றுக்கு நூறு 0-வுக்கே திரும்பிவிடுகிறது. எந்தக் காசும் இதைச் செய்யாது. நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தால், அதாவது அளந்தால், இந்தக் கழித்தல் நின்றுபோகும். மறுபடி பாதிக்குப் பாதி. வெளியிலிருந்து கொஞ்சம் வெப்பமோ அதிர்வோ பட்டாலும் க்யூபிட்டை யாரோ 'பார்த்த' மாதிரிதான் ஆகும். ஐ.பி.எம். மாதிரி நிறுவனங்கள் சிப்பைப் பூஜ்ய கெல்வினுக்கு மிக அருகில் குளிர்விப்பது இதனால்தான்.

'அளப்பது' என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம் உண்டு. தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் படித்தவர் இ.சி.ஜி. சுதர்சன். 1977-ல் பைத்யநாத் மிஸ்ராவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஒரு குவாண்டம் அமைப்பை விடாமல் அளந்துகொண்டே இருந்தால் அதன் மாற்றமே நின்றுபோகும் என்று காட்டியது. 'குவாண்டம் ஜீனோ விளைவு' என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். பின்னாளில் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு சுதர்சன் இயக்குநராகவும் இருந்தார்.

'0-வும் 1-ம் ஒரே நேரத்தில்' என்பது சரியா?

பாதி சரி. முழுதாக நம்பினால் தப்பான இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள்.

30 க்யூபிட்களின் நிலையை எழுத 2-ஐ 30 தடவை பெருக்கி வரும் அளவு வீச்சுகள் வேண்டும். அதாவது 107 கோடிக்கு மேல். ஒரு வீச்சுக்கு 16 பைட் என்றால் சுமார் 17 ஜி.பி. உங்கள் லேப்டாப்பின் 16 ஜி.பி. மெமரி இங்கேயே திணறும். 40 க்யூபிட் என்றால் 17 டி.பி.க்கு மேல். 50 என்றால் சுமார் 18,000 டி.பி. 156 க்யூபிட்டுக்கு எழுதிப் பார்க்கவே முடியாது.

'அப்போ அத்தனை விடையையும் ஒரே நேரத்துல கண்டுபிடிச்சிடுமே' என்று தோன்றும். போஸ்டர்காரர்கள் விற்பது இந்த வாக்கியத்தைத்தான். ஆனால் 156 க்யூபிட்டை அளந்தால் கையில் கிடைப்பது வெறும் 156 பிட். ஒரு க்யூபிட்டை அனுப்பி ஒரு பிட்டுக்கு மேல் தகவலை எடுக்க முடியாது என்பதை ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாண்டர் ஹோலிவோ 1973-லேயே நிரூபித்துவிட்டார். உள்ளே கோடிக்கணக்கான வீச்சுகள் இருந்தாலும் வெளியே வரும் வாசல் சின்னது.

அதனால் அந்த வாசலில் சரியான விடை வந்து நிற்கும்படி செய்ய வேண்டும். காதங்கி ரேடார் மாதிரி, தவறான விடைகளின் வீச்சுகள் கழிந்து, சரியான விடையின் வீச்சு மட்டும் கூடும்படி கணக்கை அமைக்க வேண்டும். குவாண்டம் அல்காரிதம் என்பது இதுதான். அப்படி அமைக்க வழி தெரிந்த கணக்குகள் கொஞ்சம்தான். குரோவரின் தேடல் அதில் ஒன்று: வரிசை இல்லாத ஒரு கோடிப் பதிவுகளில் ஒன்றைத் தேட சாதாரணமாகச் சராசரி 50 லட்சம் தடவை பார்க்க வேண்டும், இதில் சுமார் 2,500 படிகள் போதும். 1994-ல் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த காரணிப்படுத்தும் முறை இன்னொன்று. உங்கள் ஆபீஸ் எக்ஸெல் ஷீட்டையோ, ஸ்லோவாக ஓடும் எஸ்.க்யூ.எல். குவெரியையோ இது வேகமாக்கிவிடாது.

இரண்டாவது விஷயம்: சித்தூரில் ஒருவர், திருப்பதியில் ஒருவர்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன்.

அன்பு சித்தூரில், மீனா திருப்பதியில். இருவரிடமும் போன் கிடையாது. ஒரே நேரத்தில் இருவருக்கும் ஆளுக்கொரு அட்டை காட்டப்படும். சிவப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம், குலுக்கல் முறைதான். அட்டையைப் பார்த்த உடனே 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும். இருவருக்கும் சிவப்பு வந்தால் பதில்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். மற்ற மூன்று சந்தர்ப்பங்களிலும் பதில்கள் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஜெயிப்பு.

முன்கூட்டியே கூடிப் பேசித் திட்டம் போடலாம். என்ன திட்டம் போடுவீர்கள்?

'எது வந்தாலும் ஆம்' என்றால் நான்கில் மூன்று சந்தர்ப்பங்களில் ஜெயிக்கலாம். 75 சதவீதம். இதைவிட நல்ல திட்டம் இருக்கிறதா? இல்லை. காரணம் எளிது. மூன்று 'ஒன்றாக' நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், அன்புவின் பச்சைப் பதிலும் மீனாவின் இரண்டு பதில்களும் ஒன்று, அன்புவின் சிவப்புப் பதிலும் அதே. அப்புறம் சிவப்பு-சிவப்பு வரும்போது வேறு வேறாகச் சொல்ல வழியே இல்லை. காசு சுண்டி முடிவெடுத்தாலும் 75-ஐத் தாண்ட முடியாது.

இப்போது பிரிவதற்கு முன்னால் இருவரும் குவாண்டம் பிணைப்பில் இருக்கும் ஒரு ஜோடி ஃபோட்டானில் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போகிறார்கள் என்று வையுங்கள். அட்டையின் நிறத்துக்கு ஏற்ற கோணத்தில் அவரவர் ஃபோட்டானை அளந்து, வரும் விடையைச் சொன்னால் போதும். ஜெயிக்கும் வாய்ப்பு 85.4 சதவீதம்.

10 சதவீதம்தானே கூடியது என்று விட்டுவிட முடியாது. 'அளப்பதற்கு முன்னாலேயே இந்தப் பொருளிடம் விடை இருந்தது, அது பக்கத்தில் நடப்பதை மட்டுமே பொறுத்தது' என்று எந்தக் கதையைச் சொன்னாலும் 75-ல்தான் நிற்கும். 1964-ல் ஜான் பெல் கண்டுபிடித்த இந்த உண்மையை, 1969-ல் கிளாசரும் மற்ற மூவரும் ஆய்வகத்தில் சோதிக்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். இயற்கை 75-ஐத் தாண்டுகிறது என்று சோதனைகள் காட்டின. அதற்காகத்தான் அலென் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் 2022 நோபல் பரிசு.

இதை வைத்து சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா? முடியாது. அன்பு தன் பதில்களை மட்டும் எழுதி வைத்துப் பார்த்தால் பாதி 'ஆம்', பாதி 'இல்லை'. வெறும் காசு சுண்டியது மாதிரி. இருவரும் பேப்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த 85 தெரியும். ஜோடியில் ஒரு பாதி மட்டும் கையில் இருக்கும்போது அதை எப்படி எழுதுவது? இதற்குத்தான் 'அடர்த்தி அணி' என்ற கருவி வருகிறது. அறிமுக நிலையிலிருந்து மேல்நிலைப் படிப்புக்குப் போகும் வாசற்படி இது. ஆறு வார கோர்ஸ்களில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது விஷயம்: 70 கிலோமீட்டர் ஃபைபர்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஒரு ஆப்டிகல் ஃபைபர் போட்டு, ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்பி ஒரு ரகசியச் சாவியை உருவாக்கலாம். 1984-ல் சார்லஸ் பென்னெட், கில் பிரஸார்ட் சொன்ன முறை இது. நடுவில் ஒருவர் ஃபோட்டானைப் பிடித்து அளந்துவிட்டு இன்னொன்றை அனுப்பினால், சாவியில் நான்கில் ஒரு பிட் தப்பாகிவிடும். 40 பிட்களை மட்டும் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். ஒட்டுக்கேட்டவர் மாட்டாமல் தப்பிக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று.

ஆனால் நல்ல ஃபைபரிலும் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் ஒளி இழப்பு இருக்கும். 70 கி.மீ.க்கு 14 டெசிபல். சித்தூரில் 100 ஃபோட்டான் அனுப்பினால் திருப்பதிக்கு வந்து சேருவது 4. பரவாயில்லை, வேலை நடக்கும். 2022 பிப்ரவரியில் டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜ் – விந்தியாச்சல் இடையே 100 கி.மீ.க்கு மேல் இதைச் செய்து காட்டின.

2,000 கி.மீ. என்றால்? 400 டெசிபல். அதாவது 1-க்குப் பின்னால் 40 பூஜ்யம் போட்ட எண்ணிக்கையில் அனுப்பினால் ஒன்று வரும். செகண்டுக்கு 100 கோடி ஃபோட்டான் அனுப்பினாலும், முதல் ஃபோட்டான் வருவதற்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது. சாதாரண இன்டர்நெட் கேபிளில் செய்வது மாதிரி நடுவில் ஆம்ப்ளிஃபையர் வைக்கவும் முடியாது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாது என்று 1982-ல் நிரூபிக்கப்பட்ட தேற்றம் குறுக்கே நிற்கிறது. ஒட்டுக்கேட்பவரைப் பிடித்துக்கொடுக்கும் அதே விதிதான் ஆம்ப்ளிஃபையரையும் தடுக்கிறது.

தேசியத் திட்டம் 2,000 கி.மீ.க்கு செயற்கைக்கோளைச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும். விண்வெளியில் ஒளியை விழுங்க ஃபைபர் கண்ணாடி இல்லை. சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 2017-ல் 1,200 கி.மீ. இடைவெளியில் பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு சேர்த்தது.

இதற்கெல்லாம் எவ்வளவு கணக்கு தெரியணும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, போஸ்டர் சொல்வதைவிட அதிகம்.

தமிழ்நாடு பாடநூலில் பிளஸ் டூ கணக்கின் முதல் இரண்டு அத்தியாயங்கள் ஞாபகம் இருக்கிறதா? அணிகள், அப்புறம் கலப்பு எண்கள். தொடக்கம் அதுதான். க்யூபிட்டின் நிலை இரண்டு கலப்பு எண்களின் பட்டியல். ஹடமார்ட் ஒரு 2-க்கு-2 அணி. மேலே நாம் போட்ட கணக்கு இரண்டு அணிகளின் பெருக்கல், அவ்வளவுதான்.

அங்கிருந்து இளநிலைப் படிப்பில் பொதுவாக வரும் வரிசை இது:

ஒன்று, நேரியல் இயற்கணிதம்: வெக்டர் வெளி, ஐகன் மதிப்பு, உள்பெருக்கல். கூடவே நிகழ்தகவு.

இரண்டு, குவாண்டம் இயக்கவியல்: ஷ்ரோடிங்கர் சமன்பாடு, பெட்டிக்குள் அடைபட்ட துகள், அலையியற்றி, ஹைட்ரஜன் அணு, ஸ்பின்.

மூன்று, குவாண்டம் தகவலியல்: கேட், பிணைப்பு, பெல், டெலிபோர்டேஷன், குரோவர், ஷோர்.

நான்கு, மேல்நிலை: அடர்த்தி அணி, இரைச்சல், பிழை திருத்தம்.

மென்பொருள் ஆட்கள் இரண்டாவதில் தேவையான ஸ்பின் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதுக்குப் போகலாம். ஹார்டுவேர் பக்கம் போக நினைப்பவர்கள் இரண்டாவதைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒன்றாவது யாராக இருந்தாலும் கட்டாயம்.

நேரத்தையும் கணக்கு போடுவோம். ஏ.ஐ.சி.டி.இ. மைனர் 18 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால் 270 மணி நேர வகுப்பு. வீட்டில் கணக்கு போடும் நேரம் தனி. ஆறு வார வீக்எண்ட் கோர்ஸ், சனி ஞாயிறு மூன்று மூன்று மணி நேரம் என்றால் 36 மணி நேரம். 270 எங்கே, 36 எங்கே? ஆறு வாரத்தில் அறிமுகம் கிடைக்கலாம். இன்ஜினியர் ஆக முடியாது.

பணமே இல்லாமல் தொடங்கவும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் என்.பி.டெல். வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.பி.எம். தளத்தில் ஜான் வாட்ரஸ் நடத்தும் குவாண்டம் தகவலியல் பாடமும் இலவசம். புத்தகம் வேண்டும் என்றால் நீல்சன் – சுவாங் தகவலியலுக்கு, ஆர். சங்கர் இயக்கவியலுக்கு. சங்கர் சென்னை ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். அப்புறம் இயற்பியலுக்கு மாறி, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் அவர் புத்தகத்தின் முதல் அத்தியாயம் முழுக்கக் கணக்குதான். அதைத் தாண்டியவர்களுக்கு மீதி வழி தெளிவாகிவிடும்.

அப்போ நான் படிக்கலாமா?

நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் நெட்வொர்க் அல்லது செக்யூரிட்டியில் இருந்தால், குவாண்டம் அலை உங்களைத்தான் முதலில் தொடும். ஆனால் அதற்கு ஷ்ரோடிங்கர் தேவையில்லை. ஷோரின் முறையால் 2,048 பிட் ஆர்.எஸ்.ஏ.வை உடைக்க இரைச்சல் உள்ள 10 லட்சத்துக்குக் குறைவான க்யூபிட்கள் போதும் என்று கூகுள் ஆய்வாளர் கிரெய்க் கிட்னி 2025 மே மாதம் கணக்கிட்டார். 2019-ல் அவரும் சக ஆய்வாளரும் சொன்ன எண்ணிக்கை இரண்டு கோடி. அமராவதிக்கு அறிவிக்கப்பட்டது 156. இடைவெளி பெரிது, ஆனால் சுருங்குகிறது. இன்றைக்குத் திருடி வைத்த தகவலை நாளைக்குத் திறக்கலாம் என்பதால், அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் குவாண்டம் கம்ப்யூட்டரைத் தாக்குப்பிடிக்கும் மூன்று குறியாக்கத் தரநிலைகளை வெளியிட்டது. இவை சாதாரண கம்ப்யூட்டரில் ஓடுபவை. பழைய குறியாக்கத்தை எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு வேலை இப்போதே இருக்கிறது.

நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ், ஆர்.எஃப்., எஃப்.பி.ஜி.ஏ. பக்கம் இருந்தால், க்யூபிட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோவேவ் துடிப்புகளை உருவாக்குவது உங்கள் துறையின் நீட்சிதான். உங்கள் அனுபவத்தோடு ஒரு வருஷம் கணக்கும் ஸ்பின்னும் சேர்த்தால், புதிதாகத் தொடங்குபவரைவிட முன்னால் இருப்பீர்கள்.

நீங்கள் வெப் டெவலப்பராகவோ, டேட்டா அனலிஸ்டாகவோ இருந்து, சம்பளம் கூடும் என்ற ஒரே காரணத்துக்காக யோசித்தால், நிதானமாக இருங்கள். குவாண்டம் ப்ரோகிராமிங் லைப்ரரியை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். எந்தக் கணக்கில் வீச்சுகள் கழியும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அது ஆராய்ச்சி. அங்கே முதுநிலைப் படிப்போ பி.எச்.டி.யோ கேட்பார்கள்.

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்து, கணக்கு பிடிக்கும் என்றால் அவர்களுக்கு இது நல்ல காலம். ஏர்ப்பேடும் தரமணியும் சென்னை ஐ.ஐ.டி.யும் நமக்குத் தூரம் இல்லை.

போஸ்டருக்குத் திரும்புவோம். பணம் கட்டும் முன் அந்த நம்பருக்கு போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். நேரியல் இயற்கணிதம் எத்தனை மணி நேரம்? பெல் சோதனையின் 75-ஐயும் 85-ஐயும் நாங்களே கணக்கு போட்டுப் பார்ப்போமா? அடர்த்தி அணி பாடத்தில் உண்டா? தெளிவான பதில் வந்தால் யோசிக்கலாம். 'அதெல்லாம் தேவையில்ல சார், சர்டிஃபிகேட் வந்துடும்' என்றால், அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, இன்றைக்கு ராத்திரி அந்த ஹடமார்ட் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். மைனஸும் பிளஸும் கழிந்து பூஜ்யம் வரும் இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வந்தால், நீங்கள் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். வராவிட்டால் கவலை வேண்டாம். அதைத் தெரிந்துகொள்ள செலவானது ஒரு பேப்பர்தான்.